பெயரில்லாத நீர்நாய்

எங்கள் இணையதளத்தின் பெயர் ரேபிஸ். வெறிநாய்க்கடி நோயின் பெயரை யாராவது ஒரு செய்தித்தளத்துக்கு வைப்பார்களா என்று என் அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாராவது விசாரித்தால், ஹலினா பத்திரிகையில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாள். எங்கள் வீடு புரூக்ளினில், கிரீன்பாயின்டில். அலுவலகம் பக்கத்துப் பேட்டையான வில்லியம்ஸ்பர்க்கில், ஆற்றோரத்துக் கிடங்கு ஒன்றில் இருந்தது. அங்கே முக்கால்வாசிப் பேர் ஒஹாயோவிலிருந்தும் மினசோட்டாவிலிருந்தும் வந்து இறங்கியவர்கள். வந்த மறுமாதமே கையில் ஒரு மண்டையோட்டைப் பச்சை குத்திக்கொண்டு, புரூக்ளின் முன்னைப்போல இல்லை என்று அங்கேயே பிறந்து வளர்ந்த என்னிடமே அலுத்துக்கொள்வார்கள்.

நான் அங்கே தகவல் சரிபார்ப்பவள். நிருபர் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இவர் சொன்னார் என்று எழுதியிருந்தால் அவரை அழைத்து, சொன்னீர்களா என்று கேட்பேன். கதவு நீலம் என்று எழுதியிருந்தால் அது நீலம்தானா என்று பார்ப்பேன். இந்த வேலைக்கு யாரும் மாலை போடமாட்டார்கள். நிருபர்கள் என்னைக் கண்டாலே கழிப்பறைக்குப் போகிறவர்கள்போல எழுந்துவிடுவார்கள். ஊனா மட்டும் உட்கார்ந்திருப்பாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்கும்.

அந்த வசந்தத்தில் ஊனா ஸ்னார் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். ஸ்னார் ஒரு எனர்ஜி டிரிங்க். கறுப்பு டப்பா, மேலே பல்லைக் காட்டும் ஓநாய். ஸ்கேட்போர்டு இளைஞர்களைச் சண்டை நடக்கும் ஊர்களுக்கு அனுப்பி நாங்கள் எடுத்த வீடியோத் தொடர் முழுக்க அவர்கள் காசில் ஓடியது. அலுவலகத்துக் குளிர்பெட்டி நிறைய ஸ்னார், எல்லோருக்கும் இலவசம். பென்சில்வேனியாவில் அதை டப்பாவில் அடைக்கும் ஆலையில் ஒரு தொழிலாளி செத்துப்போனான். கலவை அறையில் கஃபீன் பொடி புகைபோலப் பறக்கும். தூசியை உறிஞ்சும் இயந்திரம் பல மாதமாகக் கெட்டுக் கிடந்தது, முகமூடியும் கொடுக்கவில்லை. அவனுக்கு ஏற்கெனவே இதயம் சரியில்லை என்று நிர்வாகம் எழுதி மூடிவிட்டது.

இதையெல்லாம் சொன்னது யானிரிஸ். டொமினிகன் பெண், செத்தவனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். அவன் விழுந்தபோது அவன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தவள் அவள்தான். காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து, இயந்திரங்களின் இரைச்சலுக்குள் ஊனாவிடம் வாரக்கணக்கில் பேசினாள். ஒரே ஒரு நிபந்தனை: பெயர் வரக்கூடாது. அவளுக்கு இந்த நாட்டில் தங்குவதற்குக் காகிதம் உண்டு. அவள் கணவனுக்குக் கிடையாது. அவள் யாரென்று தெரிந்தால் வேலை போவதோடு நிற்காது, யாராவது குடிவரவு அதிகாரிகளுக்கு ஒரு போன் போட்டால் பிள்ளைகளுக்கு வீட்டில் அப்பா இருக்கமாட்டார். நான் சரிபார்க்க அழைத்தபோது அவள் முதலில் கேட்டதும் அதைத்தான். வராது, என் பொறுப்பு என்று சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. விளம்பரம் தருகிற நிறுவனத்தைப் பற்றி மோசமான செய்தி வரப்போகிறது என்றால், ஆசிரியர் விளம்பரப் பிரிவுக்கு ஒரு வரி முன்தகவல் அனுப்புவார். அந்தப் பக்கத்திலிருந்து அவர்களுடைய விளம்பரத்தை எடுத்து வைப்பதற்காக. விமானம் விழுந்த செய்திக்குப் பக்கத்தில் விமான டிக்கெட் விளம்பரம் வந்தால் யாருக்கும் நன்றாக இருக்காதல்லவா, அதுபோல. நிறுவனத்தின் பெயர், தேதி, அவ்வளவுதான் அனுப்புவார்கள். செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, இது சுவரில் ஒரு சின்ன ஜன்னல் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

வியாழக்கிழமை காலை நானும் ஊனாவும் அவரவர் மேசையில் அதே வரைவைத் திறந்து வைத்திருந்தோம். இணையத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து திருத்தக்கூடிய வரைவு அது. யார் திறந்திருக்கிறார்கள் என்று மேலே பெயர் தெரியும். நம் ஆள் இல்லை என்றால் பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு மிருகத்தின் படத்தைப் போடும். அன்று என் பெயரும் ஊனாவின் பெயரும் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. பெயரில்லாத நீர்நாய்.

நம்மவர் யாரோ கடவுச்சொல்லை மறந்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார் என்று நினைத்தேன். யார் அந்த நீர்நாய் என்று குரல் கொடுத்தேன். ஆள் ஆளுக்குச் சிரித்தார்கள். ஒருவன் நீர்நாய் மாதிரி கையைக் கூப்பிக் காட்டினான். யாரும் இல்லை. திரையில் நீர்நாயின் கர்சர் முதல் பத்தியை இழுத்து நீலமாக்கியது, பிறகு விட்டது. அடுத்த பத்தியை நீலமாக்கியது, விட்டது. படித்துக்கொண்டு போகிறவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். ஒவ்வொரு பத்தியாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது.

உள்தொலைபேசியில் மேல்தளத்து டெவ்லினை அழைத்தேன். டெவ்லின் விளம்பரப் பிரிவுத் தலைவர். கெட்டவர் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுவலகம் முழுதுக்கும் பேகல் ரொட்டி வாங்கி வருவார், என் பிறந்த நாள் என் தம்பிக்கே நினைவில்லாதபோது அவருக்கு நினைவிருக்கும். ஸ்னார் கட்டுரையின் வரைவு வேறு யாரிடமாவது போயிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஆமா, ஸ்னார் ஆளுங்கதான் பாக்குறாங்க," என்றார் டெவ்லின், வானிலை சொல்கிறவர்போல. "ப்ராம் முன்தகவல்ல லிங்க்கையும் சேர்த்து அனுப்பிட்டான். நான் அப்படியே அவங்களுக்குத் தள்ளிட்டேன். ஒளிவுமறைவு இல்லாம இருக்கறது நல்லதுதானே ஹலினா. தப்பு ஏதும் இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க, உனக்கும் வேலை மிச்சம்."

ப்ராம் எங்கள் ஆசிரியர், இந்தத் தளத்தைத் தொடங்கியவன். ரேபிஸ் செய்தி மேசையில் யாரும் யாருக்கும் மரியாதை கொடுக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம், அதனால் அவனை அவன் என்றே சொல்கிறேன். அவன் வேண்டுமென்றே செய்தானா, அவசரத்தில் ஒட்டிவிட்டானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நிமிடத்தில் அதைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை. போனை வைத்துவிட்டு ஊனாவின் மேசைக்கு ஓடினேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யானிரிஸ் வரும் பத்தி கட்டுரையின் நடுவில் இருந்தது. பெயர் மாற்றித்தான் எழுதியிருந்தாள். ஆனால் டொமினிகன் பெண், கலவை அறை, செத்தவனின் தலையை மடியில் வைத்திருந்தவள் என்று எல்லாம் அதில் இருந்தது. அதைச் சுருக்கிப் பொதுவாக்குவது அன்று மதியம் நாங்கள் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. ஆலையில் அதைப் படிக்கும் எந்த மேலாளனுக்கும் ஒரு நொடி போதும். நீர்நாய் அந்தப் பத்திக்கு இன்னும் வரவில்லை. வந்துகொண்டிருந்தது.

பூட்டிவிடு என்றேன். வெளியாட்களை வெளியே தள்ள ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கு என்றேன். ஊனா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பூட்டினா உடனே ப்ராமுக்கு போன் போகும். அவன் முழுசா பிரிண்ட் எடுத்து அவங்க கையில குடுப்பான். எதை மறைச்சோம்னும் அவங்களுக்குப் புரிஞ்சிரும்." அவள் கை ஏற்கெனவே விசைப்பலகைக்குப் போயிருந்தது. "அது வர்றதுக்குள்ள மாத்திடலாம்."

மாற்றினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் ஆண் ஆனாள். கலவை அறை, லாரியில் சரக்கேற்றும் லோடிங் மேடை ஆனது. தலையை மடியில் வைத்திருந்தவள், சத்தம் கேட்டு ஓடிவந்து வாசலில் நின்று பார்த்தவர் ஆனார். நீர்நாய் இரண்டு பத்தி மேலே இருந்தது. வெறும் லோடிங் மேடை ஆள் என்றால் நம்பமாட்டார்கள், ஏதாவது வேண்டும் என்று ஊனா முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டைப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுப்பவர் என்று ஒரு வரி சேர்த்தாள். டொமினிகன் ஆண்களில் பாதிப்பேர் அப்படித்தான், யாரென்று தேடுவார்கள் என்றாள். நீர்நாய் இப்போது ஒரு பத்தி மேலே இருந்தது. மேலே எங்காவது கலவை அறைப் பெண் என்று மிச்சம் இருக்கிறதா என்று நான் கண்ணால் துழாவினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பொய்யில் ஓட்டை இருக்கிறதா என்று சரிபார்த்தேன். ஓட்டை இல்லை.

நீர்நாய் அந்தப் பத்திக்கு வந்தது. நீலமாக்கியது. மற்றப் பத்திகளைப்போல உடனே விடவில்லை. நீல நிறம் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் யாரோ ஒருவர் பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஊனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்திருந்தது. பிறகு நீலம் விலகியது. மிச்சப் பத்திகளை நீர்நாய் தொடவே இல்லை. மேலே இருந்த படம் மறைந்துவிட்டது.

நாங்கள் சிரித்தோம். பயம் இறங்கும்போது வரும் அசட்டுச் சிரிப்பு. பெட்ஃபோர்ட் அவென்யூவுக்கு இறங்கிப்போய் நின்றுகொண்டே பீட்சா தின்றோம். நீ இருக்கவேண்டிய இடம் உளவுத்துறை என்று அவளிடம் சொன்னேன். ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. எழுதியதை நம்பாதே, எண்ணிப் பார் என்பது என் தொழிலில் அரிச்சுவடி. அந்த லோடிங் மேடையில் எத்தனை பேர் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. வாயில் பீட்சாவோடு அதை நினைத்தேன், நினைத்ததை விழுங்கிவிட்டேன்.

திரும்பி வந்ததும் ப்ராம் எங்களைக் கூப்பிட்டான். அவன் அறையில் நாற்காலி கிடையாது, கார் டயர்கள்தான். டயரில் உட்கார்ந்து கண்டிப்பு வாங்குவதைவிட அவமானம் வேறில்லை. ஆனால் அவன் கண்டிக்கவில்லை. குஷியாக இருந்தான். ஸ்னார் கோபப்படவில்லை என்றான். அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: தொடரின் அடுத்த பருவம் வெளிவரும்வரை கட்டுரையை நிறுத்தி வைக்கவேண்டும். கட்டுரையைக் கைவிடச் சொல்லவில்லை, தள்ளிப்போடத்தான் சொல்கிறார்கள். அவர்கள் காசை வாங்கி அவர்களையே கடிப்பதுதான் ரேபிஸ், ஆனால் கடிக்கும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்கலாமே என்று விளக்கினான். பதினேழு வயதில் சைக்கிள் கடை பின்னால் அச்சடித்த துண்டுப் பத்திரிகையைப் பற்றியும் ஒரு முறை சொன்னான், வழக்கம்போல.

கடைசியில் எழுந்துகொண்டே, "எப்படியும் உள்ள யார் பேசினதுன்னு கண்டுபிடிச்சிட்டாங்களாம். அதான் கூலா இருக்காங்க," என்றான்.

ஊனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

யானிரிஸின் அழைப்பு சாயங்காலம் வந்தது. இடைவேளையில் ஆலைக்கு வெளியே, காருக்குள் உட்கார்ந்து பேசினாள். ஊனா போனை மேசையில் வைத்து ஒலியை இருவருக்கும் கேட்கும்படி திறந்தாள். எலியேசர் என்று ஒரு டொமினிகன்காரர் லோடிங் மேடையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுப்பவர். அந்த ஷிஃப்டில் அங்கே மூன்று பேர்தான், மற்ற இருவரும் வெள்ளைக்காரர்கள். மதியம் அவரைக் கூப்பிட்டு அலுவலக அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆட்கள், ஆலை ஆட்கள் இல்லை, கோட் போட்டவர்கள். பத்திரிகைக்காரர்களிடம் என்ன சொன்னாய், பேஸ்பால் மைதானத்தில் யாரைச் சந்தித்தாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அவர் ஒன்றும் புரியாமல் அழுதிருக்கிறார். வேலையில் சேரும்போது அவர் கொடுத்த காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். காலைக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் இந்தக் காகிதங்களை அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்புவோம் என்றிருக்கிறார்கள். அவை அவருடைய காகிதங்கள் இல்லை, செத்துப்போன சித்தப்பா மகனுடையவை. ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அவருக்கு நாலு பிள்ளைங்க," என்றாள் யானிரிஸ். "அவர் பேர் எப்படி வந்துச்சு? நான் அவரைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

நான்தான் சொன்னேன். உங்களை மறைக்க நாங்கள் ஒரு ஆளைக் கற்பனை செய்தோம், அப்படி ஒருவர் நிஜமாகவே இருப்பார் என்று தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. யானிரிஸ் இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

ஊனா ஸ்னார் ஆட்களை அழைத்து, எலியேசர் எங்களிடம் பேசவில்லை என்று சொல்லப்போகிறேன் என்றாள். நான் போனைப் பிடுங்கினேன். அவர் இல்லை என்று சொன்னால் வேறு ஒருவர் என்று சொன்னதாகிவிடும். அப்படியானால் யார் என்று கலவை அறைக்குப் போவார்கள். சொன்னால் அவள், சொல்லாவிட்டால் அவர். நல்ல காரியம் செய்வதாக நினைத்து நாமே கட்டின பொறி இது, இதில் மாட்டுவதற்கு வேறு யாரையோ விட்டிருக்கிறோம். ப்ராமின் அறைக்குப் போனேன். நம் வழக்கறிஞரை விட்டுப் பேசச் சொல், அந்த மனிதரை விடச் சொல், விடாவிட்டால் இதையும் சேர்த்து எழுதுவோம் என்று சொல்லச் சொன்னேன்.

ப்ராம் நிஜமாகவே யோசித்தான். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"நமக்குத் தகவல் தர்ற சோர்ஸா இருந்தா நான் உயிரைக் குடுப்பேன் ஹலினா, உனக்கே தெரியும்," என்றான். "ஆனா அந்த ஆள் நம்ம சோர்ஸே இல்லையே. நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசல. அவனுக்கு நம்ம மேல என்ன பாத்தியதை? அது ஆலைக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம்."

எங்கள் நெறிமுறைப் புத்தகத்தில் அவன் சொன்னதற்கு எதிராக ஒரு வரியும் கிடையாது. சோர்ஸைக் காப்பாற்று என்று இருக்கிறது. சோர்ஸ் இல்லாதவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் அந்த டயரை ஒரு உதை உதைத்துவிட்டு வந்தேன், கால் விரல்தான் வலித்தது.

மேசைக்குத் திரும்பியபோது ஊனா அழுதுகொண்டிருந்தாள். யானிரிஸ் மறுபடி அழைத்திருந்தாள். இந்தத் தடவை ஆலையிலிருந்து இல்லை, வேலைக்கு நடுவில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் அவன் அண்ணன் இருக்கும் பிராங்ஸுக்கு வண்டியேற்றிவிட்டாள். அங்கிருந்து எங்கே போய்த் தங்குகிறார்கள் என்று தனக்கே தெரியவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். இனி வீட்டில் அவள் மட்டும்தான். கட்டுரையில் தன் பெயரைப் போடச் சொன்னாள். முழுப் பெயரை. கலவை அறையை, மடியில் வைத்திருந்த தலையை, எல்லாவற்றையும் இருந்தபடியே போடச் சொன்னாள். ஊரே படித்துவிட்டால் எலியேசரை உட்கார வைத்துக் கேட்க ஒன்றும் இருக்காது என்பது அவள் கணக்கு.

அது சரியான கணக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட நல்ல கணக்கு என்னிடம் இல்லை. வழக்கறிஞர் முந்தைய வாரமே கட்டுரையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஊனா பழைய பத்தியைத் திரும்பக் கொண்டுவந்தாள், பேஸ்பால் ஆளை அழித்தாள், பெயரைப் போட்டாள். இந்தத் தடவை வெளியாட்கள் வரும் வழியை முதலிலேயே பூட்டினோம். பெரிய பத்திரிகைகளில் ஒரு கட்டுரை வெளியாக மூன்று பேர் ஒப்புதல் தரவேண்டும். ரேபிஸில் செய்தி மேசையில் உட்கார்ந்திருக்கும் யாரும் வெளியிடும் பொத்தானை அமுக்கலாம், வேகம்தான் எங்களுக்கு மதம். மறுநாள் எனக்கு வேலை இருக்காது. அம்மாவுக்குச் சர்ச்சில் பதில் சொல்வது சுலபமாகிவிடும். ஊனாவுக்கும் வேலை போகும், அவளுக்கு வாடகை வேறு பாக்கி. அவள் அதைச் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

ஆனால் சரிபார்க்காமல் எதையும் விட்டதில்லை, அன்றும் விடக்கூடாது. ஒருவரைப் பற்றி எழுதியிருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவருக்கே படித்துக்காட்டி ஆம் என்று வாங்கவேண்டும். யானிரிஸை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

படித்தேன். உங்கள் பெயர் யானிரிஸ் பெக்கேரோ. ஆமாம் என்றாள். ஸ்னார் ஆலையின் கலவை அறையில் வேலை. ஆமாம். உறிஞ்சும் இயந்திரம் கெட்டுப்போனதை மேலாளரிடம் நீங்களே போய்ச் சொன்னீர்கள். ஆமாம், இரண்டு முறை. இறந்தவர் கீழே விழுந்தபோது அவர் உதடு வெள்ளையாக இருந்தது. ஆமாம். ஆம்புலன்ஸ் வரும்வரை இயந்திர வரிசையை நிறுத்தவில்லை, டப்பாக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆமாம். ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, பள்ளிக்கூடத்தில் வருகைக்குப் பதில் சொல்கிறவள்போலச் சொன்னாள். ஊனா என் பக்கத்தில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரையின் கடைசி வரியில் ஊனா ஒரு மேற்கோள் வைத்திருந்தாள். வாசகர்களுக்குப் பிடிக்கும், தலைப்பிலும் போடலாம் என்று வைத்தது. அதையும் படித்தேன்.

"'எனக்கு எதுக்கும் பயமில்லை'ன்னு நீங்க சொன்னதா இருக்கு."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அன்னிக்கு அப்படித்தான் சொன்னேன்," என்றாள் யானிரிஸ். "அதை எடுத்துடுங்க. பொய். உக்காந்த இடத்துலேருந்து எழுந்திருக்க முடியல எனக்கு. வாசல்ல கார் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குது. பயமா இருக்குன்னு போடுங்க."

ஊனாவைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். அவள் வைத்திருந்த மேற்கோளை அழித்துவிட்டு, யானிரிஸ் சொன்னதை அப்படியே எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினேன்.

"ஆமா," என்றாள். "அது சரி."

கொஞ்சநேரம் லைனிலேயே இருங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பொத்தானை அமுக்கினேன்.